மலை மேல் ஒரு வீடு: அப்பாவின் ரிட்டயர்மென்ட் கனவும், மூன்றாவது படியில் உட்கார்ந்த மணியும்!

முடிச்சூர் பக்கம் ஒரு தரைத்தள வீடு. அதில் ஐந்து பேர், ஒரு நாய். ஐந்து பேருக்கும் இங்கே பெயர் வேண்டாம். அப்பா, அம்மா, பாட்டி, மகள், மகன் என்றே வைத்துக்கொள்வோம். கதையில் பெயர் உள்ள ஒரே ஆள், மணி. அதுவும் ஆதார் கார்டு கேட்டால் குரைக்கும்.

மணிக்குப் பத்து வயது. தூய நாட்டு நாய். கறுப்பு உடம்பு, மூக்கில் மட்டும் வெள்ளைத் தீற்றல். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று தமிழ்நாட்டு நாய்களுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. மணி அந்தப் பட்டியலில் எதிலும் சேராது. ஆனால், குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் சமையலறை வாசலில் ஆஜர் ஆவதில் மணியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அப்பா தமிழக அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். வரும் 2026 மே 31-ம் தேதி பணி ஓய்வு. இந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. அவருடைய பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில், 'ரிட்டயர்மென்ட் - 2024' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். 2020-ல் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. 2024-ஐ அடித்துவிட்டு 2025 என்று எழுதினார். அடுத்த ஆண்டே அது 60 ஆனது. 2025-ஐயும் அடித்தார்.

"கனவுக்கே எக்ஸ்டென்ஷன் கொடுத்த ஒரே கவர்ன்மென்ட் ஸ்டாஃப் எங்க அப்பாதான்" என்பது மகனின் நிரந்தர கமென்ட்.

அந்தக் கனவு என்ன? வருடத்தின் கீழே ஒரே வரியில் எழுதியிருக்கிறது: 'மலை மேல் ஒரு வீடு.'

ஒரு ராத்திரியில் பிறந்த கனவு

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவை முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்த இரவு. இந்த வீட்டில் முதலில் வாசல்படி நனைந்தது. அப்பா கோணிப்பை வைத்து அடைத்தார். ஒரு மணி நேரத்தில் கோணிப்பை மிதந்தது. ஃப்ரிட்ஜ் சாய்ந்தது. பாட்டியை அப்பா முதுகில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினார்.

அப்போது மகளுக்கு 14 வயது. எல்லோரும் ஏறிவிட்டார்கள், அவளை மட்டும் காணோம். அம்மா கத்திக் கூப்பிட, இடுப்பளவு தண்ணீரில் ஓர் அன்னக்கூடையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடைக்குள் நனைந்த துணி உருண்டை மாதிரி ஒரு குட்டி. காம்பவுண்டு சுவர் மேல் நின்று கத்திக்கொண்டிருந்ததாம்.

"நாயை எல்லாம் வீட்டுக்குள்ள சேர்க்காதே" என்றார் பாட்டி. சேர்க்காமல் இருப்பதற்கு அன்று வீடே இல்லை என்பது அவருக்கும் உடனே புரிந்துவிட்டது. அடுத்த நிமிடம், தன் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தவரும் பாட்டிதான்.

தண்ணீர் வடிந்தது. குட்டி தங்கிவிட்டது. அப்பாவின் மனதில் ஒரு வரியும் தங்கிவிட்டது. இனி தண்ணீர் ஏறாத இடத்தில்தான் வீடு. மலையை விட உயரமான இடம் ஏது?

பிரியாணி வாசனையும் பதினான்கு வளைவுகளும்

இந்தப் பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை. "ஏலகிரியில ஒரு இடம் இருக்காம். சும்மா பார்த்துட்டு வரலாம்" என்றார் அப்பா. சும்மா பார்க்கப் போகிறவர் எதற்கு பேங்க் பாஸ்புக்கை எடுத்து வைத்தார் என்று அம்மா கேட்கவில்லை. கவனித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பாட்டிக்கு மலைப் பயணம் ஒத்துக்கொள்ளாது. வழக்கம்போல பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியும் மாத்திரை டப்பாவும் போயின. "நீ போயிட்டு வா, அத்தையை நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், பாட்டி அங்கே டி.வி முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது.

காரின் பின் இருக்கையில் மகள், மகன், நடுவில் மணி. வெளிவட்டச் சாலை ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்கும் வரை மணி ஜன்னல் வழியாக உலகத்தை மேற்பார்வை பார்த்தது. வேலூர் தாண்டியதும் தூங்கியது. ஆம்பூர் நெருங்கியதும், யாரும் எழுப்பாமலே விழித்துக்கொண்டது. சீரகச் சம்பா பிரியாணிக்கு அறிவிப்புப் பலகை தேவையில்லை, மூக்கு போதும்.

"பயணத்துல நாய்க்கு சாப்பாடு கொடுக்கக் கூடாதுப்பா" என்றாள் மகள்.

"ஒரே ஒரு பீஸ்ம்மா. பாவம், பார்க்குது பாரு."

அந்த ஒரு பீஸ், நான்கு பீஸ் ஆனது யாருக்கும் தெரியாது என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் பலகை. தமிழ்ப் புலவர்கள் முதலில், பிறகு கடையெழு வள்ளல்கள். மகன் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர் வரை மணி பொறுமை காத்தது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவு வந்தபோது, தான் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டது. மகனின் புது ஷூ மேல்.

"நாலு பீஸ்" என்றாள் மகள், எண்ணிப் பார்த்துவிட்டு.

வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி கிளம்பினார்கள். மணியின் உடம்பு லேசாக நடுங்கியது. குளிர் வேறு. அம்மா தோளில் இருந்த சால்வையை எடுத்து அதன் மேல் போர்த்தினார். கொஞ்ச தூரத்தில் பேகன் பெயர்ப் பலகை வந்தது. மயிலுக்குப் போர்வை கொடுத்தவரைப் பற்றி மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷூவின் நினைவு வந்து பேசாமல் இருந்துவிட்டான்.

மூன்றாவது படி

மேலே வந்ததும் எல்லாம் மறந்துபோனது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், தை மாதக் காற்று, வழியெல்லாம் பலாமரம். புங்கனூர் ஏரியில் அம்மாவும் பிள்ளைகளும் படகில் போனார்கள். அப்பா மணியோடு கரையில் உட்கார்ந்து, இனி தினமும் இங்கே வாக்கிங் வருவதாக மனதுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

மதியம் புரோக்கர் வந்தார். இடம் உண்மையிலேயே அழகு. சரிவில் ஒரு துண்டு நிலம், அதன் உச்சியில் ஒரு சின்ன ஓட்டு வீடு. சாலையில் இருந்து வீட்டுக்கு நாற்பது படிகள்.

"வியூ பாருங்க சார். காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்றார் புரோக்கர். கேட்ட விலை முப்பது லட்சம்.

அப்பா ஏறத் தொடங்கினார். பத்து. பதினைந்து. இருபதாவது படியில் நின்று, இயற்கையை ரசிப்பது போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். திரும்பிப் பார்த்தால், பின்னால் யாரும் இல்லை.

மணி மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, பின்னங்கால் ஒத்துழைக்கவில்லை. கொஞ்ச நாளாகவே காலையில் எழும்போது தாங்கித் தாங்கித்தான் நடக்கிறது. 'வயசு ஆயிடுச்சு, மூட்டு தேயுது. படி ஏற விடாதீங்க, எடை கூட விடாதீங்க' என்று டாக்டர் சொன்னது எல்லோருக்கும் நினைவில் இருந்தது, அப்பாவுக்கும் சேர்த்து. ஆனால், கனவில் வரும் வீட்டுக்கு யாரும் படி எண்ணிப் பார்ப்பதில்லையே.

அம்மா ஏறவே இல்லை. மணிக்குப் பக்கத்தில், அதே மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டார்.

"வாம்மா, மேல வந்து பாரு. சமையலறைல இருந்தே மலை தெரியுது" என்றார் அப்பா.

"சமையலறைல இருந்துதானே?" என்றார் அம்மா. "என் ரிட்டயர்மென்ட்டுக்கு ஜி.ஓ எப்போ வரும்னு கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் ஏறி வர்றேன்."

புரோக்கர் போனை எடுத்துக்கொண்டு நாகரிகமாக நகர்ந்துவிட்டார்.

அம்மா கேட்ட கேள்வி

அப்பா இறங்கி வந்தார். இரண்டாவது படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"இங்க தண்ணி ஏறாது" என்றார் அப்பா. எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

"ஏறாதுதான். ஆனா, நடுராத்திரி உங்களுக்கு நெஞ்சு வலின்னா இந்த நாற்பது படி யாரு இறங்குறது? பெரிய ஆஸ்பத்திரின்னா திருப்பத்தூர், வேலூர்னு மலையை விட்டு இறங்கணும். அதைக்கூட விடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க யார் வீட்டுக் கதவைத் தட்டுறது?"

அப்பாவிடம் பதில் இல்லை.

அம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வெள்ளத்தில் மெஷின் மூழ்கியது. தைக்கக் கொடுத்திருந்த இருபத்திரண்டு ஜாக்கெட் துணிகள் சேற்றில் ஊறிக் கிழிந்தன. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுத்துணியும் அதில் இருந்தது.

"ஒருத்தர்கூட துணிக்குக் காசு கேட்கலை. தண்ணி வடிஞ்ச நாலாவது நாள், எதிர் வீட்டுத் தம்பிதான் மெஷினைக் கழட்டி எண்ணெய் போட்டு ஓட வச்சுக் கொடுத்தாரு. அக்கா மாடியில மூணு நாள் பதினோரு பேருக்குக் கஞ்சி. அவங்க வீட்டு சிலிண்டர்ங்க அது. அன்னிக்கு நீங்க தண்ணியைப் பார்த்தீங்க. நான் அந்த மாடியைப் பார்த்தேன்."

ஒரே வீடு, ஒரே இரவு. ஒருவர், 'இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும்' என்று முடிவெடுத்தார். இன்னொருவர், 'இந்த மனிதர்களை விட்டுப் போகக் கூடாது' என்று முடிவெடுத்தார். பத்து வருடமாக இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பா டைரியில் எழுதினார். அம்மா எதிலும் எழுதவில்லை.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார் அப்பா.

"நீங்க கேட்கலையே."

மகளின் கால்குலேட்டர்

இரவு தங்கிய அறையில், மகள் போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அப்பா 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவர். பழைய ஓய்வூதியத் திட்டம், மாதாமாதம் பென்ஷன் வரும். ஓய்வின்போது கைக்கு வரும் மொத்தத் தொகைதான் கேள்வி.

"முப்பது லட்சத்தை இந்த நிலத்துல போட்டா, கையில ஒரு வியூ இருக்கும். அதையே அஞ்சலகத்துல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டா, இப்போ இருக்கிற 8.2 சதவிகித வட்டிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய் வரும்ப்பா. ஒருத்தர் பேர்ல அதிகபட்சம் முப்பது லட்சம்தான் போட முடியும். அஞ்சு வருஷம். அம்மாவையும் ஜாயின்டா சேர்த்துக்கலாம். வரி உண்டு, அதையும் கணக்குல வச்சுக்கோங்க."

"அந்தப் பணத்துல வருஷம் ஒரு மாசம் இங்கேயே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கலாமே" என்றான் மகன், ஷூவை உலர்த்திக்கொண்டே.

அப்பா யோசித்தார். வாங்காமலே வாழ்ந்து பார்ப்பது. அரசாங்க பாஷையில் சொன்னால், புரொபேஷன் பீரியட்.

"அப்போ ஏப்ரல், மே மாசத்துல வரலாம். சில்லுனு இருக்கும்" என்றார்.

"வேண்டாம். வந்தா ஐப்பசி, கார்த்திகையில வரணும்" என்றார் அம்மா. "சீசன்ல எல்லா மலையும் அழகாத்தான் இருக்கும். மழை கொட்டும்போது, கரன்ட் இல்லாம, மணியைத் தூக்கிக்கிட்டு ஒரு மாசம் இருந்து பாருங்க. அப்பவும் பிடிச்சிருந்தா சொல்லுங்க, நானும் யோசிக்கிறேன்."

அப்பா சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று முகம் மாறியது. "கார்த்திகையில நாம இங்க இருக்கும்போது, அங்க தண்ணி வந்துட்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அது முடிச்சூர்க்காரர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. மலைக்கு வந்தாலும் கூடவே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா. "அத்தை சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு. மணி சாப்பிட்டுச்சான்னு கேட்கச் சொல்றாங்க."

டைரியின் கடைசிப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பினார்கள். நிலம் வாங்கவில்லை. ஆனால், சில விஷயங்கள் நடந்திருக்கின்றன. வாசலில் இருந்த இரண்டு படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் சரிவு வந்திருக்கிறது. 'மணிக்கு' என்றுதான் கொத்தனாரிடம் சொன்னார் அப்பா. பாட்டியும் அதில்தான் ஏறி இறங்குகிறார். முட்டி பிடித்துக்கொள்ளும் நாள்களில், யாரும் பார்க்காதபோது அப்பாவும்.

ஞாயிறுதோறும் சமையலறைக்கு அம்மா விடுமுறை அறிவித்துவிட்டார். அதற்கு அப்பா வெள்ளைத்தாளில் முறைப்படி ஒரு 'ஜி.ஓ' தயாரித்து, நகல் மணிக்கு என்று கீழே போட்டு, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். முதல் வாரம் அவர் செய்த சாம்பாரை மணி முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. இரண்டாவது வாரம் பரவாயில்லை.

டைரியில் 'மலை மேல் ஒரு வீடு' என்ற வரியை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: 'ஏலகிரி. ஒரு மாதம். வாடகை. மழைக்காலம். படி இல்லாத வீடு.'

அதற்கும் கீழே, வேறு ஒருவரின் கையெழுத்தில், 'அக்காவிடமும் கேட்க வேண்டும்' என்று இருக்கிறது.

மணிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அதற்குப் பத்து வயது. கணக்குப் பார்த்தால், இந்த வீட்டில் ஏற்கெனவே ரிட்டயர் ஆன ஒரே ஆள். சரிவின் மேல் வெயில் விழும் இடம் பார்த்து, காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

நாயோடு வீக் எண்ட் கிளம்புகிறீர்களா?

* கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன்பே உணவை முடித்துவிடுங்கள். மலைப்பாதைக்கு முன் பிரியாணி வேண்டாம். மசாலாவும் வெங்காயமும் எலும்பும் நாய்க்கு எப்போதுமே ஆகாது.

* இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, கயிற்றோடு இறக்கி நடக்கவிட்டு, தண்ணீர் கொடுங்கள்.

* ஐந்து நிமிடம்தான் என்றாலும், பூட்டிய காருக்குள் நாயை விட்டுப் போகாதீர்கள். வெயிலில் உள்ளே சூடு மிக வேகமாக ஏறும், உயிருக்கே ஆபத்து.

* ரேபிஸ் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள். தங்கும் இடத்தில் நாய்க்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

* ரயிலில் என்றால், முதல் வகுப்பு ஏ.சி-யில் முழு கேபின் அல்லது கூபே உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தால் உடன் அழைத்துச் செல்லலாம். ஸ்லீப்பர், ஏ.சி இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பெட்டிகளில் அனுமதி இல்லை. மற்றபடி, பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில்தான் அனுப்ப வேண்டும்.

* வயதான நாய் என்றால், கிளம்பும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மூட்டு வலி உள்ள நாயைப் படி ஏற்றாதீர்கள், தூக்கிக்கொள்ளுங்கள்.

* போகிற இடத்தில் நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். படிகளையும் எண்ணிப் பாருங்கள். கூட வருபவரிடம், அவருடைய கனவு என்னவென்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.